பதிவான குரலுக்குப் பதில் சொல்வது யார்?

அலுவலகக் குரல் அஞ்சலைக் கேட்டலும் பராமரித்தலும்

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு எந்த அலுவலகமும் கிட்டடியில் இருப்பதில்லை. காணிப் பத்திரத்தின் பிரதி ஒன்றை எடுப்பதற்கோ, வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் இருக்கின்றதா என்று பார்ப்பதற்கோ, இழப்பீட்டு விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கின்றது என்று அறிவதற்கோ பஸ் ஏறினால் பயணக் காசும் ஒரு நாட்கூலியும் போய்விடும். போன இடத்தில் உரிய உத்தியோகத்தர் "வெளிக்களம் போயிட்டார்" என்றால் மறுபடியும் அதே செலவு. ஆகவே தொலைபேசியில் கேட்டறிய முயல்கின்றோம். மணி ஐந்தாறு தடவை அடிக்கின்றது. பின்னர் மனிதக் குரல் போன்ற ஒரு குரல், தாம் இப்போது இடத்தில் இல்லை என்றும், ஒலி கேட்டதும் செய்தியைச் சொல்லுமாறும் கூறுகின்றது.

எமது மக்களில் அனேகர் அந்த இடத்திலேயே தொலைபேசியை வைத்துவிடுகின்றார்கள். "மெசினோட என்னத்தைக் கதைக்கிறது, சுவாமி?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய கூச்சம் விளங்கக்கூடியதே. கதைப்பதென்றால் எதிரில் ஒரு முகமாவது, குறைந்தது "ஓம்" என்று சொல்ல ஒரு குரலாவது வேண்டும் என்று பழகியவர்கள் நாம். ஆனால் வைத்துவிட்ட அழைப்பு எங்கும் எழுதப்படுவதில்லை. நாம் கேட்டோம் என்பதற்குச் சுவடே இராது.

இப்போது இந்த விடயத்துக்கு இன்னொரு பக்கமும் வந்திருக்கின்றது. கமக்காரர் அமைப்புகள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மீனவர் சங்கங்கள் ஆகியவற்றிற் சில சிறு காரியாலயமும் தொலைபேசியும் வைத்து நடத்துகின்றன. எமது பிள்ளைகள் அலுவலகங்களில் வேலை செய்கின்றார்கள். அங்கெல்லாம் செய்தியைக் கேட்கவேண்டியவர்கள் நாமே ஆகின்றோம். எனவே குரல் அஞ்சல் என்றால் என்ன, அதில் எப்படிச் செய்தி விடுவது, வந்த செய்திகளைத் தொலைபேசி மூலமே எப்படிக் கேட்டு ஒழுங்குபடுத்துவது என்பவற்றை இங்கு படிப்படியாகப் பார்ப்போம்.

குரல் அஞ்சல் என்றால் என்ன?

தபாற் கந்தோரில் பூட்டுள்ள தனிப்பெட்டி வைத்திருப்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடிதம் வந்து பெட்டியில் விழும். உரியவர் திறப்போடு வந்து எடுத்துப் போவார். குரல் அஞ்சலும் அதுவே. கடிதத்துக்குப் பதிலாகக் குரல். திறப்புக்குப் பதிலாக இரகசிய இலக்கம். ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும், அல்லது ஒவ்வொரு பிரிவுக்கும், ஒரு குரற்பெட்டி ஒதுக்கப்படுகின்றது. அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால், அல்லது வேறொருவரோடு கதைத்துக்கொண்டிருந்தால், அழைப்பு அந்தப் பெட்டிக்குப் போகின்றது.

தொலைபேசியில் வந்த குரலைப் பிடித்து வைக்கும் எண்ணம் புதியதல்ல. டென்மார்க் நாட்டவரான வல்டெமார் பௌல்சன் 1898இல் உருக்குக் கம்பியில் காந்த சக்தியால் குரலைப் பதியும் கருவியை ஆக்கினார். 1900ஆம் ஆண்டுப் பரிஸ் கண்காட்சியில் ஒஸ்ரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப்பின் குரல் அதில் பதியப்பட்டது. அந்தப் பதிவு இன்றும் இருக்கின்றது. அலுவலகம் முழுவதற்கும் ஒரே கணினியில் பல பெட்டிகள் வைக்கும் முறைக்கு அமெரிக்கரான கோர்டன் மத்தியூஸ் 1979இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1983இல் அதைப் பெற்றார். அதன் பின்னரே பெரிய கம்பனிகளில் குரல் அஞ்சல் பரவியது.

இலக்கங்களை அமத்தினால் இயந்திரம் எப்படி விளங்கிக்கொள்கின்றது என்று சிலர் கேட்கின்றார்கள். 1963இல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி பாவனைக்கு வந்தபோது ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ஒலிகள் வகுக்கப்பட்டன; ஒன்று அது இருக்கும் வரிசைக்கு, மற்றது அது இருக்கும் நிரலுக்கு. 5 என்ற பொத்தானை அமத்தினால் 770 ஹேர்ட்ஸ் ஒலியும் 1336 ஹேர்ட்ஸ் ஒலியும் சேர்ந்து போகும். அந்தச் சோடியைக் கேட்டு மறுமுனையிலுள்ள இயந்திரம் "இது ஐந்து" என்று அறிந்துகொள்ளும். பொத்தானை அமத்தும்போது காதில் விழும் அந்தச் சிறு சத்தமே கட்டளை. ஆதலால் ஒவ்வொன்றாக, நிதானமாக அமத்தவேண்டும்.

வீடில்லாதவருக்கு ஒரு முகவரி

குரல் அஞ்சல் கம்பனிக்காரருக்கு மாத்திரம் உரியதல்ல என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1991இல் வீடற்ற மக்களுக்கென ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அவர்கள் வேலைக்கு விண்ணப்பிப்பார்கள்; ஆனால் வேலை கொடுப்பவர் எந்த இலக்கத்துக்குப் பதில் சொல்வது? தங்குமிடத்தின் இலக்கத்தைக் கொடுத்தால், எடுப்பவர் முதலில் சொல்வது அந்த விடுதியின் பெயர். விண்ணப்பித்தவர் வீடற்றவர் என்பது அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடும். அத்தோடு வேலையும் போய்விடக்கூடும்.

எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி இலக்கமும் குரற்பெட்டியும் இலவசமாக வழங்கப்பட்டன. வரவேற்புச் செய்தியை அவரவர் தமது குரலிலேயே பதிந்து வைத்தார்கள். வேலை கொடுப்பவரோ வீடு வாடகைக்குக் கொடுப்பவரோ வைத்தியசாலையோ அழைத்தால் செய்தி அங்கே காத்திருக்கும். ஏதாவது ஒரு தொலைபேசியிலிருந்து இரகசிய இலக்கத்தைக் கொடுத்து உரியவர் அதைக் கேட்பார். படுக்கும் இடம் நாளுக்கு நாள் மாறினாலும் இலக்கம் மாறவில்லை. பின்னர் அமெரிக்காவின் வேறு நகரங்களிலும் இத்திட்டம் நடந்தது.

முகாமிலிருந்து உறவினர் வீட்டுக்கும், அங்கிருந்து வாடகைக் கொட்டிலுக்கும், பின்னர் இன்னொரு ஊருக்கும் மாறிய எமது குடும்பங்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிய கடிதத்தால் நேர்முகப் பரீட்சையைத் தவறவிட்டவர்களும், பதிவுத் திகதியைத் தவறவிட்டவர்களும் எம்மத்தியில் இருக்கின்றார்கள். சங்கம் ஒன்று ஒரே இலக்கத்தையும் ஒழுங்கான ஒரு குரற்பெட்டியையும் வைத்திருந்தால், அதன் அங்கத்தவர் அனைவருக்கும் மாறாத முகவரி ஒன்று கிடைக்கின்றது. ஆனால் ஒரு நிபந்தனை. அந்தப் பெட்டியை யாராவது ஒருவர் நாள்தோறும் திறக்கவேண்டும்.

செய்தி விடுவது எப்படி?

முதலில் அழைப்பவரின் பக்கத்தைப் பார்ப்போம். பெட்டி அழைப்பை ஏற்றதுமே கட்டணம் ஓடத் தொடங்கிவிடும். செய்திக்கு ஒதுக்கப்படும் நேரமும் மட்டானது. ஆகவே எடுக்குமுன்னரே சொல்லவேண்டியதை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத வாசிக்கச் சிரமப்படுவோருக்குப் பிள்ளைகள் உதவலாம்.

சொல்லவேண்டியவை ஐந்து:

1. உங்கள் முழுப்பெயர். அடையாள அட்டையில் உள்ளபடி சொல்லுங்கள். வீட்டுப்பெயரால் கோப்பைத் தேட முடியாது.

2. உங்கள் தொலைபேசி இலக்கம். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. ஒவ்வோர் எண்ணாக, எழுதுபவரின் பேனைக்கு ஏற்ற வேகத்தில்.

3. எந்த விடயம். விண்ணப்ப இலக்கமோ கோப்பு இலக்கமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். கிராம அலுவலர் பிரிவையும் மறவாதீர்கள்.

4. உங்களுக்கு என்ன தேவை. ஒரு செய்தியில் ஒரு கேள்வி போதும்.

5. உங்களோடு கதைக்கக்கூடிய நேரம். பகலெல்லாம் வயலில் நிற்பவர் பின்னேரத்தைச் சொல்லவேண்டும்.

உதாரணத்துக்கு இப்படிச் சொல்லலாம்: "வணக்கம். எனது பெயர் இன்னது. எனது தொலைபேசி இலக்கம் இன்னது. நாங்கள் இன்ன கிராமத்திலிருந்து இடம்பெயர்ந்து இப்போது இன்ன இடத்தில் இருக்கின்றோம். எமது வீட்டு இழப்பீட்டு விண்ணப்பத்தின் இலக்கம் இன்னது. அதற்கு இன்னும் ஏதேனும் பத்திரம் தேவையா என்று அறிய விரும்புகின்றேன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பின்னர் என்னோடு கதைக்கலாம். எனது இலக்கத்தை மீண்டும் சொல்கின்றேன்." இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும்.

பட்ட கஷ்டம் முழுவதையும் பெட்டியில் சொல்லத் தேவையில்லை. சொல்ல மனம் உந்தும் என்பது எமக்குத் தெரியும். ஆனால் கேட்பவர் யார், அவரோடு கூட யார் யார் இருக்கின்றார்கள் என்பதை நாம் அறியோம். காணாமற்போன பிள்ளையைப் பற்றிய விபரம், பெண்களுக்கு நேர்ந்த துன்பம், வங்கிக் கணக்கு இலக்கம் போன்றவற்றைப் பெட்டியில் பதியவேண்டாம். "நேரில் கதைக்கவேண்டிய விடயம்" என்று சொன்னால் போதும்.

வைத்தவுடன் திகதியையும் நேரத்தையும், எந்த இலக்கத்துக்குச் செய்தி விட்டீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை, "நான் இன்ன திகதியில் இன்ன நேரம் செய்தி விட்டிருந்தேன்" என்று சொல்லும்போது உங்கள் கேள்விக்குக் கனம் கூடுகின்றது.

பெட்டியைத் திறப்பது எப்படி?

இனி, பெட்டியைப் பராமரிப்பவரின் வேலை. குரல் அஞ்சல் முறைகள் பல. இங்கு அஸ்ரரிஸ்க் என்னும் முறையை உதாரணமாக எடுக்கின்றோம். 1999இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர், தமது சிறிய கம்பனிக்குத் தொலைபேசி இணைப்பகம் வாங்கப் பணம் போதாமையால் தாமே எழுதிய கணினி நிரல் இது. இன்றும் எவரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். கணினி தெரிந்த ஓர் இளைஞர் பழைய கணினி ஒன்றில்கூட இதை நிறுவிக்கொடுக்கலாம் என்பதால் சிறு நிறுவனங்களுக்கு ஏற்றது.

அலுவலகத்தினுள்ளே இருந்து கேட்பதற்கு ஒரு குறுக்கு இலக்கம் இருக்கும். அது இடத்துக்கு இடம் மாறும். நட்சத்திரக் குறியோடு 97 என்பது பல இடங்களில் உள்ளது. வெளியிலிருந்து கேட்பதானால், அலுவலக இலக்கத்துக்கு அழைத்து, வரவேற்புச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே நட்சத்திரக் குறியை அமத்தவேண்டும். இந்த வசதியை முறையை நிறுவுபவர் முன்கூட்டியே ஒழுங்குசெய்திருக்கவேண்டும். பின்னர் இரகசிய இலக்கம் கேட்கப்படும். அதை அமத்தி, ஹாஷ் என்னும் கட்டக் குறியால் முடிக்கவேண்டும்.

உள்ளே போனதும் புதிய செய்திகள் எத்தனை, பழையவை எத்தனை என்று குரல் சொல்லும். அதன் பின்னர்:

செய்திகளைக் கேட்க 1. கேட்ட செய்தியைத் திரும்பக் கேட்க 5. முந்தியதற்குப் போக 4. அடுத்ததற்குப் போக 6. அழிக்க 7. வேறொருவரின் பெட்டிக்கு அனுப்ப 8. சேமிக்க 9. உதவிக்கு நட்சத்திரக் குறி. வெளியேறக் கட்டக் குறி.

செய்தி எப்போது வந்தது, எந்த இலக்கத்திலிருந்து வந்தது என்பதை அறிய 3ஐ அமத்தி மீண்டும் 3ஐ அமத்தலாம். அழைத்தவர் இலக்கம் சொல்ல மறந்திருந்தால் இது கைகொடுக்கும்.

9ஐ அமத்தினால் எந்த அறையில் சேமிப்பது என்று குரல் கேட்கும். புதியவை, பழையவை, வேலை, குடும்பம், நண்பர்கள் என ஐந்து அறைகள் முறையே 0 முதல் 4 வரை உள்ளன. தீர்வு காணாத செய்திகளை 2 என்னும் வேலை அறையிலே போட்டுவைத்தால், கேட்டு முடிந்தவற்றோடு அவை கலந்துபோகமாட்டா.

7ஐ அமத்தியவுடன் செய்தி முற்றாக அழிந்துவிடுவதில்லை. அழிக்கவேண்டியது என்று குறிக்கப்படுகின்றது. கை தவறி அமத்தியிருந்தால், பெட்டியை விட்டு வெளியேறுமுன் அதே செய்தியில் நின்று மீண்டும் 7ஐ அமத்தினால் குறி நீங்கும். வெளியேறிய பின்னரோ அது போய்விடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பொத்தான்களின் பொருள் எல்லா முறைகளிலும் ஒன்றல்ல. பெரிய நிறுவனங்கள் பலவற்றிலுள்ள சிஸ்கோ யூனிற்றி கனெக்ஷன் என்னும் முறையில் வழமையான ஒழுங்கின்படி சேமிக்க 2, அழிக்க 3. ஓரிடத்திற் பழகிய விரல் இன்னோரிடத்திற் பிழை செய்யும். புதிய அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல்நாளே அந்த இடத்துப் பொத்தான் ஒழுங்கை ஒரு மட்டையில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது. இரகசிய இலக்கத்தை மட்டும் அதில் எழுதக்கூடாது.

கேட்டால் மட்டும் போதுமா?

கேட்பது அரைவாசி வேலை. மிகுதி அரைவாசி, கேட்டதை எழுதுவதும் அதற்குப் பதில் சொல்வதும் ஆகும். பெட்டிக்கு ஞாபகம் உண்டு, பொறுப்பு இல்லை. ஆகவே ஒவ்வொரு குரற்பெட்டிக்கும் பக்கத்தில் ஒரு பதிவுக் கொப்பி இருக்கவேண்டும். அதிலே ஆறு நிரல்கள் போதும்: செய்தி வந்த திகதியும் நேரமும், அழைத்தவர் பெயர், அவருடைய இலக்கம், விடயம், யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, எந்தத் திகதியில் என்ன பதில் சொல்லப்பட்டது. கடைசி நிரல் வெறுமையாக இருக்கும்வரை அந்த விடயம் முடியவில்லை. சங்கக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிப்பதைப் போலவே வெறுமையாக உள்ள வரிகளையும் வாசித்தால், பதில் தானாக வேகம் பிடிக்கும்.

எப்போது கேட்பது? காலையில் காரியாலயம் திறந்தவுடன் ஒரு தடவை, மூடுமுன் ஒரு தடவை. இதைச் செய்பவர் ஒருவராக இருக்கவேண்டும். அவர் வராத நாளுக்கு இன்னொருவர் பெயர் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். "ஆரும் கேட்பினம்" என்று விட்டால் ஒருவரும் கேளார். பொதுக்கிணற்றைத் தூர்வாராமல் விட்ட கதை எமது ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

பதில் தெரியாவிட்டாலும் பதில் சொல்லவேண்டும். "உங்கள் செய்தி கிடைத்தது; விசாரித்துக்கொண்டிருக்கின்றோம்; வெள்ளிக்கிழமை மீண்டும் சொல்கின்றோம்" என்ற மூன்று சொற்றொடர்கள் ஒரு குடும்பத்தின் பயணக் காசை மிச்சப்படுத்தும். வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை எடுக்கவேண்டும்.

பெட்டிக்குக் கொள்ளளவு உண்டு. அஸ்ரரிஸ்க் முறையில் மாற்றியமைக்காவிட்டால் ஓர் அறை 100 செய்திகளையே கொள்ளும். அது நிறைந்தால் புதியவர் செய்தி விடமுடியாது. தீர்ந்தவற்றைக் கிழமைக்கு ஒரு தடவை அழித்துவிடுங்கள். ஆனால் கொப்பியில் எழுதாத எதையும் அழிக்கவேண்டாம்.

வரவேற்புச் செய்தி

அழைப்பவர் முதலிற் கேட்பது வரவேற்புச் செய்தியையே. பெட்டியினுள் 0ஐ அமத்தினால் அதற்கான பகுதிக்குப் போகலாம். அங்கே 1 வழமையான வரவேற்புக்கு. 2 தொலைபேசி ஈடுபாட்டில் இருக்கும் நேரத்துக்கு. 3 உங்கள் பெயரைப் பதிய. 4 தற்காலிக வரவேற்புக்கு. 5 இரகசிய இலக்கத்தை மாற்ற.

வரவேற்பைத் தெளிந்த தமிழில், ஆறுதலாகப் பதியுங்கள். சிங்களம் பேசும் அயலவர்களும் அழைப்பார்களாயின் அவர்களுடைய மொழியிலும் சொல்லவேண்டும். எமக்கு விளங்காத மொழியில் இயந்திரம் பேசியபோது நாம் பட்ட பாட்டை மற்றவர் படவேண்டியதில்லை. "இது இன்ன சங்கத்தின் காரியாலயம். இப்போது எடுக்க முடியவில்லை. உங்கள் பெயரையும் இலக்கத்தையும் விடயத்தையும் சொல்லுங்கள். அடுத்த வேலை நாளுக்குள் நாங்கள் உங்களோடு கதைப்போம்" என்பது போதுமானது. நிறைவேற்ற முடியாத வாக்கைப் பதிய வேண்டாம்.

பொங்கல், பெரிய வெள்ளி, கோயில் திருவிழா என்று காரியாலயம் பூட்டப்படும் நாட்களுக்குத் தற்காலிக வரவேற்பைப் பாவியுங்கள். அது இருக்கும்வரை மற்ற வரவேற்புகள் ஒலிக்கமாட்டா. எப்போது திறக்கும், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று அதிற் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை நீக்கவேண்டும். தை மாதத்தில் அழைப்பவருக்கு நத்தார் விடுமுறையைப் பற்றிச் சொல்லும் பெட்டியை யார் நம்புவார்கள்?

இரகசிய இலக்கம்

புதிய பெட்டியோடு தரப்படும் இரகசிய இலக்கம் பெரும்பாலும் எல்லாருக்கும் ஊகிக்கக்கூடியது: 1234, 0000, அல்லது பெட்டியின் இலக்கமே. அதை மாற்றாமல் விடுவது, பூட்டில் திறப்பைத் தொங்கவிட்டுப் போவதற்கு ஒப்பானது.

இதன் விளைவை உலகம் இங்கிலாந்தில் கண்டது. "நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்" என்ற பத்திரிகைக்காக வேலை செய்தவர்கள் பலருடைய கைத்தொலைபேசிக் குரற்பெட்டிகளுக்குள் நுழைந்து செய்திகளைக் களவாகக் கேட்டார்கள். மாற்றப்படாத இரகசிய இலக்கங்கள் இதற்கு வழிவிட்ட காரணங்களில் ஒன்று. 2007 ஜனவரியில் அப்பத்திரிகையின் நிருபர் ஒருவரும் அவருக்கு உதவிய துப்பறிவாளர் ஒருவரும் சிறைக்கு அனுப்பப்பட்டனர். கொலையுண்ட ஒரு பள்ளிச் சிறுமியின் குரற்பெட்டியும் தப்பவில்லை என்பது 2011இல் வெளிவந்தபோது நாடு கொதித்தது. 1843இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மூடப்பட்டது.

எமது சங்கப் பெட்டியில் அரசியல்வாதிகளின் இரகசியம் இராது. ஆனால் கணவனைத் தேடும் ஒரு பெண்ணின் குரல் இருக்கலாம். கடன்பட்ட ஒரு குடும்பத்தின் கவலை இருக்கலாம். யார் எங்கே தங்கியிருக்கின்றார்கள் என்ற விபரம் இருக்கலாம். இவை அவர்களுடைய சொத்து. பிறந்த ஆண்டு, வாகன இலக்கம் ஆகியவற்றை இரகசிய இலக்கமாக வைக்காதீர்கள். ஆறு எண்களாவது இருக்கட்டும். பொறுப்பாளரும் அவருக்குப் பதிலாக இருப்பவரும் தவிர வேறெவரும் அறியவேண்டாம். நிர்வாக சபை மாறும்போது இலக்கமும் மாறவேண்டும். செய்திகளைப் பலர் நடுவே சத்தமாக ஒலிக்கவிடாமல், காதில் வைத்துக் கேளுங்கள்.

பதில் வராவிட்டால்?

ஒரு செய்தி விட்டுக் கிழமை ஒன்று போயும் பதில் இல்லையானால் மீண்டும் அழையுங்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கைம்பெண்ணின் உவமையை நினையுங்கள். நீதியற்ற நடுவனிடம் அவள் ஓயாமற் போனாள். அவனுடைய மனம் இளகியதால் அல்ல, அவளுடைய விடாமுயற்சியினாலேயே நியாயம் கிடைத்தது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. குரற்பெட்டியில் விட்ட செய்தி விண்ணப்பம் ஆகாது. கடைசித் திகதி உள்ள எந்த விடயத்துக்கும் எழுத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டோ திகதி முத்திரையோ பெறவேண்டும். அரச அலுவலகத்திடமிருந்து தகவல் தேவையானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமக்குத் துணை நிற்கின்றது. ஒவ்வோர் அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். கோரிக்கையை எழுத்தில் கொடுக்கவேண்டும். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால் அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். தொலைபேசி வழியைத் திறக்கின்றது. எழுத்தே உரிமையை நிலைநாட்டுகின்றது.

மனிதரோடு கதைக்கவேண்டிய பொதுக் கேள்விகளுக்கு அரச தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கமும், பயிர்களைப் பற்றிய ஆலோசனைக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கமும் உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இன்று கைத்தொலைபேசியில் குரற்செய்தி அனுப்புவது எமது பேரப்பிள்ளைகளுக்கும் விளையாட்டாகிவிட்டது. ஆயினும் மேலே சொன்ன ஒழுங்குகள் அதற்கும் பொருந்தும். பெயர், இலக்கம், விடயம், ஒரு கேள்வி. கேட்டவர் எழுதவேண்டும், பதில் சொல்லவேண்டும், இரகசியம் காக்கவேண்டும்.

எமது சங்கங்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இதுவே. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எமது தொலைபேசிக்கு வரும் செய்திகளை யார் கேட்கின்றார், அவர் வராத நாளில் யார் கேட்கின்றார், பதிவுக் கொப்பி எங்கே இருக்கின்றது? மூன்றுக்கும் பதிலை அன்றைக்கே கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். அலுவலகங்கள் எம்மைக் காக்கவைத்த காலம் நீண்டது. எம்மை அழைக்கும் ஏழை ஒருவரை நாமும் அப்படிக் காக்கவைக்கலாகாது.